பட்டறைக்குள் ஒரு டன் கை கிரேன்: தூண் குழியிலிருந்து சோதனைச் சுமை வரை

கிரேன் கட்டலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த சைஸ் பீம் போடலாம்?" என்பதுதான். பீமை அட்டவணை பார்த்து அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம். பட்டறையில் கட்டிய கிரேன்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் பீமுக்குக் கீழேதான்: ரெயில் கோணலாகிச் சக்கரம் இறுகிக்கொள்வது, தூண் ஆடுவது, கூரையைத் தாங்கும் டிரஸ்ஸில் (இரும்புச் சட்டத்தில்) தொங்கவிட்டு ஷீட்டோடு சேர்த்து இறங்குவது. அதனால் இந்த வழிகாட்டி பீமைச் சுருக்கமாகவும் ரெயிலை விரிவாகவும் சொல்கிறது.

நாம் கட்டப்போவது இது: 1 டன் சுமை, ரெயிலுக்கு ரெயில் 5 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஓட்டம், பக்கத்துக்கு நாலு தூண், கையால் தள்ளும் பாலம் (இரண்டு ரெயிலுக்கும் குறுக்கே கிடந்து ஓடும் பீம்), செயின் புல்லி பிளாக். கோவை, திருப்பூர், ஓசூர் பக்கத்துச் சிறு லேத் பட்டறைகளுக்கு இந்த அளவு சரியாக வரும். அகலம் 6 மீட்டரைத் தாண்டினாலோ சுமை 2 டன் ஆனாலோ கீழே உள்ள எண்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போடவேண்டும்.

1. தூக்கப்போவதை எழுதி வையுங்கள்

பட்டறைக்குள் வரும் பொருள்களில் கனமான ஐந்தைப் பட்டியல் போடுங்கள். எடையை பில்லிலோ பெயர்ப்பலகையிலோ பாருங்கள், குத்துமதிப்பு வேண்டாம். எல்லாம் 800 கிலோவுக்குள் வந்தால் 1 டன் கிரேன் போதும். வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒன்றரை டன் மெஷினுக்காகக் கிரேனைப் பெரிதாக்காதீர்கள். அன்றைக்கு ஒரு ஹைட்ராவை (நடமாடும் கிரேன்) வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஒரே இடத்தில் மட்டும் தூக்குகிற வேலை என்றால் கிரேனே தேவையில்லை. சக்கரம் வைத்த ஏ-ஃபிரேம் ஒன்று இதில் சிறு பங்கு செலவில் முடியும்.

2. கூரையை நம்பாதீர்கள், உயரத்தை அளங்கள்

ஷெட்டின் டிரஸ் ஷீட்டையும் காற்றையும் தாங்கச் செய்தது. அதில் ஒரு டன்னைத் தொங்கவிடக் கூடாது, "நடுவில் மட்டும்தானே" என்று கூட. செங்கல் சுவரில் பிராக்கெட் அடிப்பதும் அப்படித்தான். கிரேனுக்குத் தனித் தூண், தனி அஸ்திவாரம் வேண்டும்.

உயரக் கணக்கு: தரையிலிருந்து ரெயில் மேல்மட்டம் 3.20 மீட்டர் என்று வைப்போம். எண்ட் கேரேஜ் (பாலத்தின் இரு முனையிலும் சக்கரம் மாட்டிய சட்டம்) மேல் உட்காரும் குறுக்கு பீமின் அடி சுமார் 3.35 மீட்டரில் வரும், மேல்தலை 3.60. டிராலியும் (செயின் பிளாக்கைச் சுமந்து குறுக்கு பீமில் ஓடும் வண்டி) செயின் பிளாக்கும் சேர்ந்து அரை மீட்டர் தின்றுவிடும். ஆகவே கொக்கி ஏறக்கூடிய உயரம் 2.85. பீமுக்கு மேலே கையளவு இடைவெளியாவது வேண்டுமென்பதால் டிரஸ்ஸின் அடி 3.75 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. டியூப் லைட், ஒயர் பைப், மின்விசிறி எல்லாவற்றையும் அளவெடுங்கள். இவற்றை மறந்துவிட்டுப் பாலம் ஏறிய பிறகு மாற்றுகிறவர்கள் அதிகம்.

இன்னொன்று: 5 மீட்டர் அகலத்தில் கொக்கி போவது நாலேகால் மீட்டர்தான். டிராலி நெடுக்கு பீமில் (தூண்களின் மேல் ரெயிலைத் தாங்கும் பீம்) இடிக்கும் முன் நிற்கவேண்டும் அல்லவா? நீளவாக்கிலும் ஒரு மீட்டருக்கு மேல் குறையும். மெஷினை எங்கே வைப்பது என்பதை இந்தக் கணக்கோடு தீர்மானியுங்கள்.

3. கணக்கும் காகிதங்களும்

ஐ.எஸ்.எம்.பி. 200 பீமை (ஐ வடிவ இரும்பு பீம்; எண் அதன் உயரம் மி.மீ.-இல்) 5 மீட்டருக்குப் போட்டு, நடுவில் 1 டன்னும் டிராலி-பிளாக்குக்கு 50 கிலோவும் தொங்கவிட்டால் 6 மி.மீ. தொய்யும். ஐ.எஸ்.எம்.பி. 250 என்றால் 2.6 மி.மீ.தான். கையால் ஓட்டும் கிரேனின் நெடுக்கு பீமுக்கு ஐ.எஸ். 800 (இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை) அனுமதிக்கும் தொய்வு நீளத்தில் 500-இல் ஒரு பங்கு, அதாவது 5 மீட்டருக்கு 10 மி.மீ.; அதே அளவுகோலை வைத்தால் 200 பீமும் தேறிவிடும். ஆனாலும் 250 போடுங்கள். காரணம் தொய்வு அல்ல. 5 மீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் இல்லாத ஒல்லி பீம், சுமை ஆடும்போது முறுக்கிக்கொண்டு சாயப் பார்க்கும். 200-இல் அதற்கான கையிருப்பு குறைவு. கூடுவது 60 கிலோ இரும்பு மட்டுமே.

தூக்கும் குலுக்கலுக்காகக் கை கிரேனில் சக்கரச் சுமையோடு 10 சதவீதமும் மின்சாரக் கிரேனில் 25 சதவீதமும் கூட்டவேண்டும். பின்னால் மோட்டார் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கையில் இருக்கவேண்டிய காகிதங்கள்:

- ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடமும் கணக்கும்
- இரும்பின் பில், மில் டெஸ்ட் சர்டிபிகேட் (ஐ.எஸ். 2062, இ250 தரம்)
- செயின் பிளாக்கின் சோதனைச் சான்று (ஐ.எஸ். 3832)
- கட்டி முடித்தபின் தகுதி பெற்ற நபர் தரும் சுமைச் சோதனைச் சான்று

கூடம் தொழிற்சாலையாகப் பதிவாகியிருந்தால் கடைசிச் சான்று கட்டாயம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வகுத்த நடைமுறைப்படி, தூக்கும் கருவியை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். பாதுகாப்பான சுமை கருவியின் மேலேயே தெரியவேண்டும். பதிவில்லாத சின்னப் பட்டறையும் இதையே செய்வது நல்லது. இன்ஜினியரை இரும்பு வாங்கும் முன் பாருங்கள். வாங்கிப் போட்ட இரும்புக்கு ஏற்றபடி கணக்கு எழுதித் தரச் சொல்வதில் பயனில்லை.

4. இரும்பு வாங்குதல்

ஆறு மீட்டர் நீளங்களாகக் கேளுங்கள். தூணுக்கு இடையே 3 மீட்டர் என்பதால் வெட்டு அழகாக உட்காரும்.

- நெடுக்கு பீம்: ஐ.எஸ்.எம்.பி. 200, மூன்று நீளம். பக்கத்துக்கு ஒரு முழு ஆறும் ஒரு மூன்றும். இணைப்பு எல்லாம் தூண் தலையிலேயே விழும்.
- தூண்: ஐ.எஸ்.எம்.பி. 150, நாலு நீளம். ஒவ்வொன்றிலும் 2.92 மீட்டரில் இரண்டு.
- குறுக்கு பீம்: ஐ.எஸ்.எம்.பி. 250, ஒரு நீளம். 5.2 மீட்டர் வெட்டிக்கொண்டு மிச்சத்தை ஸ்டாப்பருக்கு வையுங்கள்.
- எண்ட் கேரேஜ்: ஐ.எஸ்.எம்.சி. 150 சேனல், ஒரு நீளம்
- ரெயில்: 25 மி.மீ. சதுரக் கம்பி, 18 மீட்டர்
- பிரேசிங்: 50×50×6 ஆங்கிள், மூன்று நீளம்
- பேஸ் பிளேட்: 300×300×16 மி.மீ., எட்டு

தூண் தலை பிளேட், கஸெட் (இணைப்புத் தகடு), ஸ்டாப்பர் (ரெயில் கோடியில் பாலத்தை நிறுத்தும் தடுப்பு) எல்லாம் சேர்த்து 1,400 கிலோ வரும்.

குறுக்கு பீமில் ஒட்டு வைக்காதீர்கள். இரண்டு துண்டைச் சேர்த்துப் பற்றவைத்து கிரைண்டிங் செய்து பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது; சுமைக்குத் தெரியும்.

கடையில் வெர்னியரை எடுத்துப் போங்கள். எடை குறைத்து உருட்டிய பீம் நிறைய வருகிறது. 250 பீமின் நடுத்தகடு 6.9 மி.மீ. இருக்கவேண்டும், ஆறு மீட்டர் நீளம் 224 கிலோ அளவில் நிற்கவேண்டும். 200 கிலோகூட வரவில்லை என்றால் அது 250 பீமின் உயரம் கொண்ட வேறு பொருள். எடை மேடைச் சீட்டைப் பில்லோடு சேர்த்து வாங்குங்கள்.

5. குழி, கான்கிரீட், போல்ட்

தூணுக்கு ஒரு குழி, 75×75 செ.மீ., ஆழம் 90 செ.மீ. இருக்கிற சிமென்ட் தரை நாலு அங்குலம்தான். அதில் ஆங்கர் போல்ட் அடித்துத் தூண் நிறுத்தினால் தரை விரிசல் விட்டுத் தூண் சாயும். தரையை வெட்டித்தான் ஆகவேண்டும். கரிசல் மண்ணாக இருந்தால் 90 செ.மீ. கணக்கை விட்டுவிட்டுக் கெட்டி மண் தட்டும் வரை தோண்டுங்கள்.

எம்20 தரக் கான்கிரீட் கலவை, எட்டுக் குழிக்கும் சேர்த்து 4 கன மீட்டர், சிமென்ட் 33 மூட்டை. குழிக்கு நாலு போல்ட், எம்20 (20 மி.மீ. விட்டம்), ஜே வளைவோடு 500 மி.மீ.

இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றேதான்: கலவை ஊற்றும்போது போல்ட் நகர்ந்துவிடும். பிறகு பேஸ் பிளேட் ஓட்டையை கேஸ் கட்டரால் அகலமாக்குவார்கள். அதைத் தவிர்க்க, அதே ஓட்டை அளவில் ஒரு பிளைவுட் சட்டம் செய்து, போல்ட்டை மேலும் கீழும் நட்டு போட்டு அதில் இறுக்கி, சட்டத்தைத் தரையோடு ஆணியடித்து நிறுத்துங்கள். எட்டுச் சட்டத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்த பிறகே கலவை. ஊற்றி முடித்ததும், கலவை இறுகும் முன், ஒருமுறை திரும்ப அளங்கள்.

ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகு தூண் நிறுத்தலாம். சுமை தூக்க 28 நாள் ஆகவேண்டும்.

6. தூணும் நெடுக்கு பீமும்

தூணை நிறுத்தும்போது அதன் அகலத் திசை (150 மி.மீ. பக்கம்) ரெயிலுக்குக் குறுக்கே பார்க்கவேண்டும். பக்கவாட்டுத் தள்ளலை வாங்குவது அதுதான். பேஸ் பிளேட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. கீழ் நட்டைத் திருகித்தான் உயரமும் நேரும் சரிசெய்வீர்கள். தூக்குக்குண்டு விட்டு இரண்டு முகத்திலும் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் அந்த 25 மி.மீ. இடைவெளியில் சுருங்காத கிரவுட்டை ஊற்றவேண்டும். சாதாரண சிமென்ட் சாந்து காய்ந்து சுருங்கினால் தூண் நாலு போல்ட்டின் மேல் மட்டுமே நிற்கும்.

நீளவாக்கில் தூண் ஒல்லி. அந்தத் திசையில் ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் ஒரு பகுதியில் ஆங்கிளால் பெருக்கல் குறி போலப் பிரேசிங் போடுங்கள். வாசலும் மெஷினும் இல்லாத பகுதியாகப் பார்த்து இப்போதே ஒதுக்குங்கள். வழியை மறைக்கிறதென்று பின்னால் வெட்டி எடுத்துவிட்டால், பாலம் ஸ்டாப்பரில் முட்டும் ஒவ்வொரு முறையும் தூண் வரிசை முழுதும் ஆடும்.

தூண் தலை பிளேட்டில் எம்16 போல்ட்டுக்கு வட்ட ஓட்டை போடாதீர்கள். ரெயிலுக்குக் குறுக்குத் திசையில் 18×40 மி.மீ. நீள ஓட்டை வெட்டுங்கள். அடுத்த வேலை முழுவதும் இந்த ஓட்டையை நம்பியிருக்கிறது.

சுமை தாங்கும் இணைப்புகளில் 7018 வகை வெல்டிங் ராடு, டி.சி. மெஷின், ராடு பாசிட்டிவ்வில். பழைய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் பலவற்றில் 7018 நின்று எரியாது. வெல்டர் சத்தமில்லாமல் சாதாரண 6013 ராடுக்கு மாறிவிடுவார். 7018 ஈரம் குடிக்கும். அடுப்பு இல்லாத பட்டறையில் சீல் பிரித்த பாக்கெட்டை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

7. ரெயில்

இரண்டு ரெயிலுக்கும் இடைத்தூரம் எங்கே அளந்தாலும் 5,000 மி.மீ., கூடக்குறைய 3 மி.மீ. உயர வித்தியாசமும் அதே 3 மி.மீ. அளவுக்குள். இதற்கு லேசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொத்தனாரின் மட்டக் குழாயும் நூலுமே போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒரு குமிழி இருந்தாலே மட்டம் பொய் சொல்லும்.

வரிசை இப்படி: நெடுக்கு பீம்களைத் தூண் தலையில் வைத்துப் போல்ட்டைத் தளர்வாக மாட்டுங்கள். ஒரு பக்கத்தை நூல் பிடித்து நேராக்கி இறுக்குங்கள். இதுதான் தாய் ரெயில். மறுபக்கத்தை ஒவ்வொரு தூணிலும் டேப் வைத்து நகர்த்துங்கள். டேப் தொய்ந்தால் அளவு கூடக் காட்டும்; எல்லா இடத்திலும் ஒரே ஆள், ஒரே இழுப்பு. கடைசியாக மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 5-க்கு 9 மீட்டருக்கு மூலைவிட்டம் 10.296 மீட்டர், ஒன்றுக்கொன்று 5 மி.மீ. அளவுக்குள் வரவேண்டும். உயரம் குறைந்த இடத்தில் ஷிம் தகடு வையுங்கள். வெறும் வாஷர் வேண்டாம், அழுந்திவிடும்.

அளவெல்லாம் சரியான பிறகு போல்ட்டை முழுதாக இறுக்கி, நீள ஓட்டையின் மேல் தடித்த தகட்டு வாஷரை வைத்துப் பற்றவையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் பீம் தன் இஷ்டத்துக்கு நகர்ந்திருக்கும்.

சதுரக் கம்பியை நெடுக்கு பீமின் நடுத்தகட்டுக்கு நேர் மேலே வையுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் சக்கரம் போகும்போதெல்லாம் பீமின் மேல்தகடு முறுக்கப்படும். பற்றவைப்பு விட்டுவிட்டு வரட்டும்: 50 மி.மீ. வெல்டு, 300 மி.மீ. இடைவெளி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. ஒரே இழுப்பில் முழு நீளமும் பற்றவைத்தால் சூட்டில் பீமே வில்லாக வளையும், மேலே சொன்ன அளவெல்லாம் வீண். கம்பியின் ஒட்டு பீம் ஒட்டின் மேல் விழக் கூடாது. ஒட்டை 45 டிகிரி சாய்வாக வெட்டிச் சேர்த்து, மேல்முகத்தை கிரைண்டரால் சமமாக்குங்கள். விரலால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

நாலு கோடியிலும் ஸ்டாப்பர், சக்கரத்தின் மைய உயரம் வரையாவது. ரப்பர் வைத்தால் நல்லது.

8. சக்கரமும் எண்ட் கேரேஜும்

எண்ட் கேரேஜில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், அகலத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். 5 மீட்டருக்கு 1 மீட்டர். இதைக் குறைத்தால் பாலம் அலமாரி இழுப்பறை மாதிரி கோணிக்கொண்டு இறுகும். ஒரு கோடியில் சுமையை வைத்துத் தள்ளும்போது முதலில் தெரியும் கோளாறு இதுதான்.

சக்கரம் இ.என்.8 இரும்பில், ஓடுதளம் 125 மி.மீ. விட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு 6206 பேரிங், அச்சு 30 மி.மீ. தாய் ரெயில் பக்கத்துச் சக்கரங்களுக்கு இரண்டு காதும் (ரெயிலை விட்டு விலகாமல் தடுக்கும் விளிம்பு) உண்டு. காதுகளுக்கு இடையே 35 மி.மீ., அதாவது ரெயிலை விட 10 மி.மீ. கூடுதல். எதிர்ப் பக்கத்துச் சக்கரங்களுக்குக் காது வேண்டாம், 60 மி.மீ. அகலத் தட்டைச் சக்கரம் போதும். நாலு சக்கரத்துக்கும் காது வைத்தால் இரண்டு ரெயிலும் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும், மூன்று மி.மீ. பிழைகூட இறுக்கமாக மாறும். ஒரு பக்கம் வழிகாட்டட்டும், மறுபக்கம் சும்மா உருளட்டும்.

ஸ்லைடிங் கேட்டுக்கு விற்கும் வி சக்கரத்தை வாங்கி மாட்டாதீர்கள். சுமை ஒரு கோடியில் இருக்கும்போது ஒரு சக்கரத்தின் மேல் 550–600 கிலோ ஏறும். அதற்கு உத்தரவாதமில்லாத பேரிங்கும் வார்ப்பும் அதில் இருக்கும்.

எண்ட் கேரேஜின் இரண்டு முனையிலும் குறுக்கே 12 மி.மீ. பிளேட்டை, ரெயிலுக்கு மேல் 15 மி.மீ. விட்டுப் பற்றவையுங்கள். அச்சு முறிந்தாலும் பாலம் அந்த 15 மி.மீ. மட்டும் இறங்கி நிற்கும். பெரிய கிரேன்களிலும் இந்த ஏற்பாடு உண்டு, பட்டறைகளில்தான் விட்டுவிடுகிறார்கள். பீமின் மேல்தகட்டை அடியில் பிடிக்கும் ஒரு கொக்கித் தகடும் சேர்த்துக்கொள்ளுங்கள்; சக்கரம் ரெயிலை விட்டு எழும்பாது.

குறுக்கு பீமை எண்ட் கேரேஜோடு பக்கத்துக்கு நாலு எம்16, 8.8 தரப் போல்ட்டால் இணையுங்கள். தரையிலேயே மூலைவிட்டம் பார்த்து இறுக்கிவிட்டு, பிறகு கழற்றி மேலே ஏற்றலாம்.

9. செயின் பிளாக்

பீமின் அடித்தகடு அகலம் 125 மி.மீ. என்று சொல்லி டிராலி கேளுங்கள். ஐ.எஸ்.எம்.பி. பீமின் தகடு உள்பக்கம் சரிவானது. அதற்கேற்ற சக்கரமா என்று பாருங்கள். தட்டைத் தகட்டுக்கான டிராலி ஓரத்தில் மட்டும் தொட்டு ஓடி, சீக்கிரம் தேயும்.

பழைய பிளாக் வாங்கினால் கொக்கி வாய் புதிய அளவைவிட 10 சதவீதம் விரிந்திருந்தாலோ, செயின் கண்ணி தேய்ந்திருந்தாலோ தொடாதீர்கள். கொக்கியில் நாக்குப் பூட்டு இருக்கவேண்டும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் மினி ஹாய்ஸ்ட்டில் "500/1000" என்று போட்டிருக்கும். ஒற்றை ரோப்பில் அது 500 கிலோதான். கூட வரும் கப்பியை மாட்டி இரட்டை ரோப்பாக்கினால்தான் 1,000, அப்போது தூக்கும் உயரம் பாதியாகிவிடும்.

10. சோதனைச் சுமை

பாலத்தை ஏற்றியபின் சுமையில்லாமல் ஒரு கையால் தள்ளுங்கள். 9 மீட்டரும் ஒரே கனத்தில் ஓடவேண்டும். ஓரிடத்தில் இறுகினால் அங்கே ரெயிலை அளங்கள், சக்கரத்தில் எண்ணெய் ஊற்றி மறைக்காதீர்கள்.

28 நாள் கழித்து சுமை. சிமென்ட் மூட்டை 50 கிலோ என்பதால் கணக்கு எளிது: ஐந்து, பத்து, இருபது, கடைசியாக இருபத்தைந்து மூட்டை. 25 சதவீதம் கூடுதலான 1,250 கிலோ அதுதான். மூட்டைகளைப் பலகையில் அடுக்கி, பலகையின் எடையையும் கணக்கில் சேருங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரம் மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுமையின் கீழோ பக்கத்திலோ யாரும் நிற்கக் கூடாது.

முன்கூட்டியே பீமின் இரு கோடிக்கும் இடையே நூல் கட்டி நடுவில் ஸ்கேலைத் தொங்கவிட்டிருங்கள். 250 பீம் 1,250 கிலோவுக்கு மூன்று, மூன்றரை மி.மீ. தொய்யவேண்டும். சுமையை இறக்கியதும் பழைய கோட்டுக்குத் திரும்பவேண்டும். திரும்பவில்லை என்றால், அல்லது வெல்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால், அங்கேயே நிறுத்தி இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பிறகு 1,000 கிலோவைத் தூக்கி இரு கோடிக்கும் ஓட்டிப் பாருங்கள். போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள்.

11. செலவும் நாளும்

இரும்பு கிலோ 60 ரூபாய் என்று கொண்டால் 84,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 99,000. கட்டுமானக் கூலி கிலோவுக்கு 25 வீதம் 35,000. அஸ்திவாரத்துக்குப் போல்ட், கிரவுட்டோடு 40,000. செயின் பிளாக்கும் டிராலியும் 20,000. சக்கரம், அச்சு, பேரிங் 12,000. இன்ஜினியர், சோதனைச் சான்று 15,000. பெயின்ட், ஏற்றுவதற்கு ஹைட்ரா வாடகை 10,000. மொத்தம் இரண்டேகால் லட்சத்தைத் தாண்டும். இரண்டரை லட்சம் ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள். இரும்பு விலை அடிக்கடி மாறும், கொட்டேஷன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதி வாங்குங்கள்.

நாள் கணக்கு: வரைபடம் ஒரு வாரம், குழியும் கான்கிரீட்டும் மூன்று நாள். கான்கிரீட் ஊறும் நாள்களில் வெட்டு, வெல்டு வேலைகளை முடித்துவிடலாம். நிறுத்த மூன்று நாள், ரெயில் சரிசெய்ய இரண்டு முழு நாள். 28 நாள் கணக்கையும் சேர்த்தால் ஆறு வாரம். அவசரப்படுத்தும் வாடிக்கையாளர் ஆர்டரை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

12. ஓட ஆரம்பித்த பிறகு

குறுக்கு பீமின் இரு பக்கமும் "பாதுகாப்பான சுமை 1000 கிலோ" என்று தூரத்திலிருந்து தெரியும்படி எழுதுங்கள்.

சுமையை நேராக மட்டும் தூக்கவேண்டும். தூரத்தில் கிடப்பதைக் கொக்கி மாட்டி இழுத்தால் பீம் பக்கவாட்டில் முறுக்கும், டிராலி தடம் புரளும். இரண்டு கால் ஸ்லிங் போடும்போது கோணத்தைப் பாருங்கள்: ஸ்லிங் கால் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் படுத்திருந்தால், ஒவ்வொரு காலிலும் முழுச் சுமை விழும். 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் முடிந்ததும் ரெயில் இடைத்தூரத்தை மறுபடி அளந்து, தூண் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த அளவு ஆறு மாதத்தில், அதே நோட்டில், பக்கத்துக் கட்டத்தில். வருடச் சோதனைக்கு வருகிறவரிடம் அந்த நோட்டையும் கொடுங்கள். எந்தத் தூண் நகர்கிறது என்பதை அவர் முதலில் அதில்தான் பார்ப்பார்.